மூன்றாவது கட்டம்

பெல்ஃபாஸ்டில் வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த காகிதங்களில் ஒன்று மட்டும் தனி உறையோடு வந்தது. அதில் மூன்று கட்டங்கள். நான் புராட்டஸ்டண்ட் சமூகத்தைச் சேர்ந்தவன், நான் ரோமன் கத்தோலிக்கச் சமூகத்தைச் சேர்ந்தவன், இரண்டிலும் சேராதவன். மேலே ஒரு சின்ன முன்னுரை. மதத்தைக் கடைப்பிடித்தாலும் கடைப்பிடிக்காவிட்டாலும், வட அயர்லாந்தில் பெரும்பாலோர் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் பார்க்கப்படுகிறார்கள் என்று அதில் இருந்தது. நான் முருகனைக் கும்பிடுகிற வீட்டில் பிறந்தவன். மூன்றாவதில் டிக் அடித்துக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

அந்தப் படிவத்தின் கதை அப்புறம்தான் தெரிந்தது. வேலை கொடுப்பதில் மதப் பாரபட்சம் கூடாது என்று 1976-ல் ஒரு சட்டம் வந்தது. அது போதவில்லை என்று 1989-ல் இன்னொன்று. இப்போது 11 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் எந்தத் தனியார் நிறுவனமும் தன்னிடம் எத்தனை கத்தோலிக்கர், எத்தனை புராட்டஸ்டண்டுகள் என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். சரி, ஒருவர் எந்தக் கட்டத்தையும் நிரப்பாமல் விட்டால்? நிறுவனமே ஊகித்துக்கொள்ளலாம், அதற்கும் விதி இருக்கிறது. பெயர், முகவரி, படித்த பள்ளி, ஆடுகிற விளையாட்டு, சேர்ந்திருக்கிற சங்கம் ஆகியவற்றைப் பார்க்கலாம். பெயரையும் தெருவையும் வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் வித்தையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

போப்பை ஏற்கிறீர்களா, மாதாவிடம் ஜெபிப்பீர்களா, ஞாயிற்றுக்கிழமை எங்கே போவீர்கள் என்று அந்தப் பட்டியலில் ஒரு கேள்வியும் கிடையாது. அயர்லாந்துச் சண்டையை மதச் சண்டை என்று எழுதுகிறவர்களைவிட அரசாங்கத்தின் இந்தப் படிவம் விஷயத்தைச் சரியாகப் புரிந்துவைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். இங்கே மதம் என்பது குடும்பத்தின் பழைய விலாசம். உங்கள் முன்னோர் நிலத்தை இழந்தார்களா, அந்த நிலத்தைப் பெற்றார்களா என்பதை அது சொல்லும்.

தொடக்கம் நிலம்தான். 1607-ல் அல்ஸ்டர் பகுதியின் கேலிக் பிரபுக்கள் குடும்பத்தோடு கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன நிலத்தை ஆங்கில அரசு பறிமுதல் செய்து, 1609 முதல் ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து குடிவைத்தது. லண்டன் வணிகர் கழகங்கள் பணம் போட்ட டெர்ரி நகரம் 1613-ல் லண்டன்டெர்ரி ஆனது. வந்தவர்கள் புராட்டஸ்டண்டுகள், இழந்தவர்கள் கத்தோலிக்கர்கள். 1641-ல் இழந்தவர்கள் கிளர்ந்து குடியேறிகளைக் கொன்றார்கள். 1649-ல் இங்கிலாந்துப் படைத்தலைவர் கிராம்வெல் வந்து ட்ரொகடாவில் கொன்று குவித்தார். பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல ஆளுக்கொரு படுகொலை கிடைத்துவிட்டது.

1690-ல் நடந்த போய்ன் ஆற்றுப் போரை ஒவ்வொரு ஜூலை 12-ம் தேதியும் கொண்டாடுகிறார்கள். புராட்டஸ்டண்ட் அரசர் வில்லியம், கத்தோலிக்க அரசர் இரண்டாம் ஜேம்ஸை வென்ற போர். முந்தின இரவே மரப்பலகைகளை மாடி உயரத்துக்கு அடுக்கி எரிப்பார்கள், மறுநாள் ஆரஞ்சுப் பட்டை அணிந்து முரசடித்து ஊர்வலம். முரசுச் சத்தம் எனக்குப் பிடிக்கும், அதை மறைப்பானேன். ஆனால் அந்தப் போரையே மதப்போர் என்று சொல்லிவிட முடியாது. வில்லியமின் படையில் டச்சுக்காரர்களும் டேனிஷ்காரர்களும் பிரெஞ்சு அகதிகளும் இருந்தார்கள். ஜேம்ஸுக்குப் பின்னால் இருந்தவர் பிரான்சின் பதினான்காம் லூயி. அந்த லூயியோடு ரோமிலிருந்த போப்புக்கே அப்போது ஆகவில்லை.

இந்த வரலாற்றில் பலர் தாண்டிப் போகிற ஒரு கூட்டம் உண்டு. அல்ஸ்டருக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் பெரும்பாலும் பிரெஸ்பிட்டேரியன்கள். அரசாங்கத் திருச்சபையோ ஆங்கிலிக்கன். இரண்டும் புராட்டஸ்டண்டின் வெவ்வேறு பிரிவுகள். போய்ன் வெற்றிக்குப் பிறகு வந்த சட்டங்கள் கத்தோலிக்கரை நசுக்கின. நிலம் வாங்கத் தடை, ஆயுதம் வைக்கத் தடை, ஐந்து பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள குதிரை வைத்திருக்கக்கூடத் தடை. கத்தோலிக்கர் இறந்தால் நிலத்தைப் பிள்ளைகள் எல்லோருக்கும் துண்டு போட வேண்டும். மூத்தவன் ஆங்கிலிக்கனாக மாறினால் முழுவதும் அவனுக்கே. மதம் மாற்றுவதைவிடப் பெரிய சொத்துகளைச் சிதறடிப்பதில்தான் அந்தச் சட்டத்துக்கு அக்கறை என்று எனக்குப் படுகிறது. கூடவே 1704-ல் வந்த ஒரு நிபந்தனை பிரெஸ்பிட்டேரியன்களையும் அரசுப் பதவிகளிலிருந்து விலக்கியது. அவர்கள் போதகர் நடத்திவைத்த திருமணங்கள் செல்லுமா என்பதே வழக்காக இருந்தது. தாங்கள் போகாத சர்ச்சுக்குக் கத்தோலிக்கரைப் போலவே அவர்களும் வரி கட்டினார்கள். வெறுத்துப்போய் ஆயிரக்கணக்கில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள்.

ஆகவே பதினெட்டாம் நூற்றாண்டில் கோடு வேறு இடத்தில் இருந்தது. மேலே ஆங்கிலிக்கன் நிலக்கிழார்கள், கீழே மற்ற இரண்டு பேரும். 1784-ல் பெல்ஃபாஸ்டில் முதல் கத்தோலிக்கக் கோயிலான செயின்ட் மேரிஸ் கட்டப்பட்டபோது நகரத்துப் புராட்டஸ்டண்டுகள் பணம் கொடுத்தார்கள். முதல் பூசைக்குப் புராட்டஸ்டண்ட் தொண்டர் படை அணிவகுத்து நின்று மரியாதை செய்தது. அந்தக் கோயில் இன்றும் நகர மையத்தில், ஒரு சந்துக்குள் இருக்கிறது. ஊருக்கு யார் வந்தாலும் டைட்டானிக் கண்காட்சிக்கு முன்னால் அங்கேதான் கூட்டிப்போகிறேன். அவர்களுக்கு அது பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

1791-ல் அதே பெல்ஃபாஸ்டில் ஐக்கிய ஐரிஷ்காரர்கள் என்ற சங்கம் தொடங்கியது. தொடங்கியவர்களில் பெரும்பாலோர் பிரெஸ்பிட்டேரியன் வணிகர்கள். அதன் முக்கியத் தலைவரான உல்ஃப் டோன் ஆங்கிலிக்கன். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்ற பெயர்களை விட்டுவிட்டு ஐரிஷ்காரர் என்ற ஒரே பெயரில் சேர வேண்டும் என்றார்கள். ஐரிஷ் குடியரசுவாதம் என்று பின்னால் ஐ.ஆர்.ஏ. என்ற ஆயுதக் குழு உரிமை கொண்டாடிய சித்தாந்தம் பிறந்தது புராட்டஸ்டண்ட் வீடுகளில். 1798-ல் கிளர்ச்சி தோற்றது. ஆன்ட்ரிமில் படைநடத்திய பிரெஸ்பிட்டேரியன் ஹென்றி ஜாய் மெக்ராக்கனை பெல்ஃபாஸ்டிலேயே தூக்கிலிட்டார்கள்.

அவர்களுடைய பேரன்கள் எப்படி அரசருக்கு விசுவாசமான, பிரிட்டனோடு சேர்ந்தே இருக்க விரும்பும் யூனியனிஸ்டுகள் ஆனார்கள்? இதைத்தான் நான் அதிகம் தேடிப் படித்திருக்கிறேன். ஒற்றைக் காரணம் கிடைக்கவில்லை. அதே 1798-ல் தெற்கே ஸ்கல்லபோகில் கிளர்ச்சிக்காரர்கள் ஒரு களஞ்சியத்தில் நூற்றுக்கு மேற்பட்டோரை அடைத்து எரித்தார்கள். இறந்தவர்கள் பெரும்பாலும் புராட்டஸ்டண்டுகள். அந்தச் செய்தி வடக்கே பயத்தை விதைத்தது. மூன்று வருடம் முன்பே, 1795-ல், அர்மாவில் நிலத்துக்கும் நெசவுக்குமான போட்டியில் பிறந்த ஆரஞ்சு சங்கம் அந்தப் பயத்துக்கு ஒரு கூரை போட்டுக் கொடுத்தது. 1801-ல் அயர்லாந்து பிரிட்டனோடு இணைக்கப்பட்டது. டேனியல் ஓ'கானல் என்ற கத்தோலிக்கத் தலைவர் பாதிரியார்களின் துணையோடு ஏழைக் கத்தோலிக்கரைத் திரட்டி 1829-ல் அவர்களுக்கு நாடாளுமன்றக் கதவைத் திறந்தார். மாபெரும் சாதனைதான், ஆனால் அதற்குப் பிறகு ஐரிஷ்காரர் என்றாலே கத்தோலிக்கர் என்று ஆகிவிட்டது.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பணம். லினன் ஆலைகளும் கப்பல் கட்டும் தளங்களும் பெல்ஃபாஸ்டைப் பெருநகராக்கின. அதன் சந்தை பிரிட்டிஷ் பேரரசு. 1845-க்குப் பிறகு உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்த தெற்குக்கும் மேற்குக்கும் பேரரசு என்றால் ஒன்று, பெல்ஃபாஸ்டுக்கு வேறொன்று. டப்ளினில் தனி நாடாளுமன்றம் வந்தால் விவசாயிகள் கையில் தொழில் நகரம் சிக்கிவிடும் என்று முதலாளிகள் பயந்தார்கள். தொழிலாளிக்கு அதையே மத மொழியில் சொன்னார்கள்: டப்ளின் ஆட்சி என்றால் ரோம் ஆட்சி. 1912 செப்டம்பர் 28 அன்று அதை எதிர்த்து ஏறக்குறைய நாலேமுக்கால் லட்சம் ஆண்களும் பெண்களும் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டார்கள்.

வயிறு காய்ந்தபோது கோடு அழிந்ததும் உண்டு. 1907-ல் துறைமுக வேலைநிறுத்தத்தில் தொழிற்சங்கத் தலைவர் ஜிம் லார்கினுக்குப் பின்னால் இரு தரப்பும் நின்றது. 1932 அக்டோபரில் வேலையில்லாதோர் உதவித்தொகை போதாது என்று ஃபால்ஸ் சாலைக் கத்தோலிக்கரும் ஷங்கில் சாலைப் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து போலீஸோடு மோதினார்கள். மூன்றே வருடத்தில், 1935 ஜூலையில், அதே ஊரில் அவர்களே ஒருவரையொருவர் கொன்றார்கள்.

நடுவில் நாடு துண்டாகியிருந்தது. 1920-ல் பிரிட்டன் போட்ட சட்டப்படி ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு தங்கிய வட அயர்லாந்து ஆயின, மீதி பிறகு டப்ளின் ஆளும் தனி நாடானது. அல்ஸ்டரின் மாவட்டங்கள் ஒன்பது. மூன்றை விட்டதற்குக் காரணம் எளிய கணக்கு: ஒன்பதையும் எடுத்தால் யூனியனிஸ்டுகளின் பெரும்பான்மை ஆட்டம் காணும். விடப்பட்ட மூன்றில் இருந்த புராட்டஸ்டண்டுகளைக் கைகழுவினார்கள். 1912-ல் அவர்களும் அதே உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டவர்கள்தான்.

வடக்கில் பாரபட்சம் எப்படி வேலை செய்தது என்பதற்கு டெர்ரியைப் பார்த்தால் போதும். நகரத்தில் பெரும்பான்மை கத்தோலிக்கர். ஆனால் நகராட்சியில் யூனியனிஸ்டுகள் 12, எதிர்த்தரப்பு 8. கத்தோலிக்கரில் பெரும்பாலோரைத் தெற்கு வார்டு ஒன்றுக்குள் திணித்து எட்டு இடம் கொடுத்தார்கள். ஆள் குறைவான மற்ற இரண்டு வார்டுகளுக்குப் பன்னிரண்டு. உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டு வீட்டுக்காரருக்கும் அவர் மனைவிக்கும்தான். அப்படியென்றால் நகராட்சி ஒரு வீடு ஒதுக்கினால் ஓட்டும் சேர்ந்தே போகிறது. கத்தோலிக்கக் குடும்பத்துக்கு வீடு கொடுப்பதென்றால் தெற்கு வார்டிலேயே கொடுக்க வேண்டும், அங்கே இடமில்லையென்றால் கொடுக்கவே வேண்டாம். இதில் எங்கே இருக்கிறது இறையியல்?

1968 ஜூனில் காலெடன் என்ற சிற்றூரில் மணமாகாத பத்தொன்பது வயதுப் புராட்டஸ்டண்ட் பெண் ஒருவருக்கு வீடு ஒதுக்கப்பட்டது. பிள்ளைகுட்டியோடு கத்தோலிக்கக் குடும்பங்கள் காத்திருந்தன. ஆஸ்டின் கரி என்ற சட்டமன்ற உறுப்பினர் அந்த வீட்டுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டார். அக்டோபர் 5 அன்று டெர்ரியில் உரிமை ஊர்வலத்தைப் போலீஸ் தடியால் அடித்தது, தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தார்கள். கேட்டது ஆளுக்கொரு ஓட்டு, தகுதிக்கு வீடு. 1969-ல் பிரிட்டிஷ் ராணுவம் வந்தது. 1972 ஜனவரி 30 அன்று அதே ஊரில் அந்த ராணுவம் 13 பேரைச் சுட்டுக் கொன்றது. பதினான்காமவர் பின்னால் இறந்தார்.

அடுத்த முப்பது வருடங்களைப் பற்றித் தமிழிலும் நிறைய வந்துவிட்டது, ஓடிவிடுகிறேன். சுமார் 3,500 பேர் செத்தார்கள், பாதிக்கு மேல் பொதுமக்கள். ஏறக்குறைய அறுபது சதவீதத்தைக் கொன்றவை ஐ.ஆர்.ஏ. முதலான குடியரசுவாதக் குழுக்கள். கத்தோலிக்கரைக் காக்க வந்தோம் என்று சொன்னவர்கள் கையால் கத்தோலிக்கரும் செத்தார்கள். வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு ஐ.ஆர்.ஏ.வைக் கொண்டாடும் நண்பர்களுக்கு இந்த எண்ணிக்கையைத்தான் காட்டுவேன்.

தெற்கைப் பார்க்காமல் இந்தக் கதை பாதிதான். டப்ளின் ஆட்சி என்றால் ரோம் ஆட்சி என்று பயமுறுத்தியவர்களைத் தெற்கே வந்த ஆட்சியாளர்கள் பொய்யாக்கவில்லை, முடிந்தவரை மெய்யாக்கினார்கள். 1937 அரசியல் சட்டம் கத்தோலிக்கத் திருச்சபைக்குத் தனி இடம் கொடுத்தது, விவாகரத்தைத் தடைசெய்தது. தனி இடம் 1972 வாக்கெடுப்பில் போயிற்று. விவாகரத்துக்கு 1995 வரை காத்திருந்தார்கள், அதுவும் மயிரிழையில் தேறியது. 1951-ல் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் இலவச மருத்துவம் கொண்டுவர முயன்ற அமைச்சர் நோயல் பிரவுனை ஆயர்களும் மருத்துவர்களும் சேர்ந்து பதவி விலக வைத்தார்கள்.

1949-ல் முன்னாள் குடியரசுத் தலைவர் டக்ளஸ் ஹைட் இறந்தார். ஐரிஷ் மொழியை மீட்கப் பாடுபட்டவர், நாட்டின் முதல் குடியரசுத் தலைவர், பிறப்பால் புராட்டஸ்டண்ட். செயின்ட் பேட்ரிக் பேராலயத்தில் இறுதிச் சடங்கு நடந்தபோது பிரதமரும் அமைச்சர்களும் வெளியே கார்களில் உட்கார்ந்திருந்தார்கள். புராட்டஸ்டண்ட் வழிபாட்டில் கலந்துகொள்ளக் கத்தோலிக்கருக்கு அனுமதி இல்லை. தங்கள் நாட்டுத் தலைவரின் உடல் உள்ளே, அரசாங்கம் தெருவில். உள்ளே போன அமைச்சர் நோயல் பிரவுன்தான். 1957-ல் ஃபெதர்ட் என்ற கடற்கரை ஊரில், கலப்பு மணம் செய்த புராட்டஸ்டண்ட் தாய் தன் மகளைக் கத்தோலிக்கப் பள்ளிக்கு அனுப்ப மறுத்துப் பிள்ளைகளோடு ஊரைவிட்டே போனார். ஊரே சேர்ந்து புராட்டஸ்டண்ட் கடைகளைப் புறக்கணித்தது. அந்த வட்டாரத்து ஆயர் மன்னிப்புக் கேட்டது 1998-ல். 1911-ல் தெற்கில் பத்தில் ஒருவராக இருந்த புராட்டஸ்டண்டுகள் நூற்றாண்டின் முடிவில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர்.

மதம் ஒன்றாக இருந்தால் ஒற்றுமை வந்துவிடுமா என்றால், அதற்கும் தெற்கே பதில் இருக்கிறது. பிரிட்டனோடு 1921 டிசம்பரில் போட்ட ஒப்பந்தம் டப்ளின் அவையில் 64-க்கு 57 என்று நிறைவேறியது. சண்டை பெரும்பாலும் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுப்பது பற்றி. நாடு துண்டானது பற்றி அந்த விவாதத்தில் பேசியது ஆச்சரியப்படும்படி குறைவு. அடுத்த ஜூனில் உள்நாட்டுப் போர். ஒரே கோயிலில் நற்கருணை வாங்கியவர்கள் ஒருவரையொருவர் சுட்டார்கள். மைக்கேல் காலின்ஸ் தன் சொந்த மாவட்டமான கார்க்கில் செத்தார். பிரிட்டிஷார் தூக்கிலிட்டதைவிட அதிகமான குடியரசுவாதிகளைப் புதிய ஐரிஷ் அரசாங்கம் சுட்டுக் கொன்றது. அந்தப் பிளவில் பிறந்த கட்சிகளான ஃபியனா ஃபாயிலும் ஃபீன கேலும் கொள்கையில் பெரிய வித்தியாசம் இல்லாமல், தாத்தா எந்தப் பக்கம் என்ற கணக்கில் ஓட்டு வாங்கி, 2020-ல்தான் முதன்முறையாக ஒரே ஆட்சியில் உட்கார்ந்தன.

1998 பெரிய வெள்ளி ஒப்பந்தம் கொலைகளைப் பெருமளவு நிறுத்தியது. வடக்கில் 71 சதவீதம் பேர் ஆதரித்தார்கள், தெற்கில் 94. அதற்காக அதை எத்தனை முறை பாராட்டினாலும் தகும். ஆனால் வடக்கின் ஸ்டார்மாண்ட் சட்டமன்றத்தில் உறுப்பினராகிறவர் முதல் வேலையாகத் தன்னை யூனியனிஸ்ட், நேஷனலிஸ்ட் (ஒன்றுபட்ட அயர்லாந்தை விரும்புகிறவர்), மற்றவர் என்று பதிய வேண்டும். இரு சமூகங்களின் சம்மதம் தேவைப்படும் தீர்மானங்களில் முதல் இரு தரப்பின் ஓட்டுகளைத்தான் தனித்தனியே எண்ணுவார்கள். மற்றவருக்கு அப்படி ஒரு எடை கிடையாது. 2022 தேர்தலில் நேஷனலிஸ்ட் கட்சியான ஷின் ஃபெயின் 27, யூனியனிஸ்ட் கட்சியான டி.யூ.பி. 25, இரண்டிலும் சேராத அலையன்ஸ் 17 இடங்கள் பெற்றன. அந்தப் பதினேழு பேருக்கு ஓட்டுப் போட்டவர்கள் ஏன் குறைந்தவர்கள்? போதாததற்கு, முதல்வரும் துணை முதல்வரும் சம அதிகாரம் உள்ள ஜோடி, ஒருவர் விலகினால் ஆட்சி விழும். 2017-லிருந்து மூன்று வருடம் ஷின் ஃபெயின் முடக்கியது, 2022-லிருந்து இரண்டு வருடம் டி.யூ.பி. அந்த நாட்களில் மருத்துவமனைக் காத்திருப்புப் பட்டியல் என்ன ஆனது என்று இங்கே வசிக்கிற எல்லோருக்கும் தெரியும்.

இரு தரப்புத் தெருக்களையும் பிரிக்கும் பெல்ஃபாஸ்டின் சமாதானச் சுவர்களை 2023-க்குள் எடுத்துவிடுவோம் என்று 2013-ல் அறிவித்தார்கள். எடுக்கவில்லை. சில இடங்களில் கேட்டுகளை இன்றும் இரவில் பூட்டுகிறார்கள். ஆனால் சுவரைவிடப் பள்ளிக்கூடம்தான் என்னை உறுத்துகிறது. இரு தரப்புப் பிள்ளைகளையும் திட்டமிட்டுச் சேர்த்துப் படிக்கவைக்கும் முதல் பள்ளியான லகன் கல்லூரியை 1981-ல் பெற்றோர்களே 28 பிள்ளைகளோடு தொடங்கினார்கள். இன்றும் அத்தகைய பள்ளிகளில் படிப்பவர்கள் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. கருத்துக்கணிப்பு எடுத்தால் சேர்ந்து படிப்பதற்குப் பலத்த ஆதரவு. பிறகு ஆயர்கள் தங்கள் பள்ளிகளை விடமாட்டார்கள், மறுதரப்பு அதைக் காரணம் காட்டும், சேர்க்கைப் பருவம் வரும், பிள்ளை அப்பா படித்த பள்ளிக்கே போகும்.

2021 கணக்கெடுப்பில் கத்தோலிக்கப் பின்னணி 45.7 சதவீதம், புராட்டஸ்டண்ட் 43.5. நூறு வருடம் முன்னால் கணக்குப் போட்டு வெட்டிய எல்லைக்குள் கணக்கு மாறிவிட்டது. பெரும்பான்மை விரும்பும் என்று தோன்றினால் தெற்கோடு இணைவதற்கு வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. பாதிக்கு மேல் ஓர் ஓட்டு போதும். மிதவாத நேஷனலிஸ்ட் தலைவரான ஷேமஸ் மாலன் தன் கடைசிக் காலத்தில் அது போதாது, யூனியனிஸ்டுகளிலும் கணிசமானோரின் சம்மதம் வேண்டும் என்றார். அவருடைய கவலை நியாயம். மருந்துதான் எனக்கு ஒப்பவில்லை. ஒரு தரப்பின் ஓட்டுக்கு எடை கூட்டினால் டெர்ரி நகராட்சிக்கே திரும்பியதாகும்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் புராட்டஸ்டண்ட், கப்பல் தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு ஐரிஷ் பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டார். டி.யூ.பி.யின் இயன் பெய்ஸ்லி ஜூனியரே தகுதியிருந்தால் இரண்டாவது பாஸ்போர்ட் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னபோது தனக்கென்ன என்கிறார். வாக்கெடுப்பு வந்தால் எப்படிப் போடுவார் என்று கேட்டேன். போப்பும் அரசரும் அவர் பேச்சில் வரவேயில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் டாக்டரைப் பார்க்கவே ஐம்பது அறுபது யூரோ கொடுக்க வேண்டுமாமே, அதற்கு என்ன செய்யப்போகிறார்கள் என்று முதலில் எழுதிக் காட்டட்டும், ஓய்வூதியம் யார் தருவார்கள் என்பதையும் எழுதட்டும், அப்புறம் பேசலாம் என்றார். டப்ளினில் எந்தக் கட்சியும் அந்தக் கணக்கை இதுவரை முழுசாக எழுதிக் காட்டியதாகத் தெரியவில்லை.